கேள்வி – பதில்: 8 அடி அறையில் 80 அங்குலப் படம்

கேள்வி: அறையின் நீளம் 8 அடி. புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (ஒளி செல்லும் தூரம் ÷ படத்தின் அகலம்) 1.5. கண்ணாடி வைத்து 80 அங்குலப் படம் பெற முடியுமா?

பதில்: முடியும். 80 அங்குலம் (மூலைவிட்ட அளவு) கொண்ட 16:9 திரையின் அகலம் 177 செ.மீ.; ஒளி 265 செ.மீ. பயணிக்க வேண்டும். அறையோ 244 செ.மீ.தான்; எனவே கண்ணாடியால் ஒளியைத் திருப்ப வேண்டும். புரொஜெக்டரைப் பின்சுவரை ஒட்டிப் பக்கவாட்டாக வையுங்கள். லென்ஸிலிருந்து 35 செ.மீ. தள்ளி, திரையிலிருந்து 230 செ.மீ.யில், கண்ணாடியைச் செங்குத்தாக, ஒளி திரைக்குச் செல்லும்படி 45 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். 40க்கு 25 செ.மீ. அளவு போதும்.

முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டவே வேண்டாம்! அதில் பூச்சு பின்புறம் இருப்பதால் முன்பரப்பும் சிறிது ஒளியைத் திருப்பி, எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். முன்பரப்பில் பூச்சுள்ள கண்ணாடியே வாங்குங்கள். துணியால் துடைத்தால் கீறல் விழும், காற்றடித்தே தூசி நீக்குங்கள்.

படம் இடவலம் மாறும். மெனுவில் ‘ரியர்’ (திரைக்குப் பின்னாலிருந்து காட்டும் முறை) தேர்ந்தெடுத்தால் சரியாகும். கோணலை முதலில் கண்ணாடியைத் திருப்பியே சரிசெய்யுங்கள். கீஸ்டோன் (கோணலை மின்னணு முறையில் திருத்தும் வசதி) படத்தின் கூர்மையைக் குறைக்கும்.