ஃபார்முலா 1 (எஃப் 1) கார் பந்தயத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது கோழைத்தனமா? கேள்வி பதில்

கேள்வி: பந்தயத்தின்போது ஓட்டுநரிடம் ரேடியோவில் அடிக்கடி ‘லிஃப்ட் அண்ட் கோஸ்ட்’ என்று சொல்கிறார்களே, அது என்ன சார்?

பதில்: நேர்பாதையின் கடைசியில், பிரேக் மிதிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவது. வண்டி அந்தச் சில மீட்டர் தூரம் தானாக ஓடும்.

ஏன் அங்கே மட்டும்? உச்ச வேகத்தில் காற்றின் எதிர்ப்பு பயங்கரமாக இருக்கும். அந்தக் கடைசி 50, 100 மீட்டரில் எரிகிற பெட்ரோல் அதிகம், அதனால் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதே சிக்கனத்தை வளைவிலிருந்து வெளியே வரும்போது காட்டினால், அங்கே இழந்த வேகம் நேர்பாதை முழுக்கத் துரத்தும். அதனால் மலிவான இடம் பார்த்துத்தான் காலைத் தூக்குவார்கள்.

பார்க்க எளிது, செய்வது கடினம். வேகம் குறைந்து வருவதால் பிரேக் போடும் இடம் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகும். பிரேக்கின் சூடும் குறையும். இதையெல்லாம் சரிக்கட்டிக்கொண்டு லேப் (ட்ராக்கில் ஒரு சுற்று) நேரத்தைக் கெடுக்காமல் ஓட்டுபவர் சாதாரண ஆள் இல்லை.

கேள்வி: 110 கிலோ வரை போட்டுக்கொள்ள விதி அனுமதித்ததே. டேங்கை நிரப்பிக்கொண்டு கடைசி வரை மிதித்தால் என்ன? அணிகளே வேண்டுமென்று குறைத்துப் போட்டார்கள் என்கிறார்கள், நம்ப முடியவில்லை.

பதில்: நம்புங்கள். உச்சவரம்பு 2014-ல் 100 கிலோ, 2017-ல் 105, 2019-ல் 110. ஆனாலும் பல பந்தயங்களில் அந்த அளவுக்குக் கீழேதான் நிரப்பினார்கள். காரணம் எடை. 10 கிலோ கூடினால் ஒரு லேப்புக்குச் சுமார் 0.3 விநாடி போகும் என்பது பொதுவான கணக்கு.

பஹ்ரைனை எடுத்துக்கொள்ளுங்கள், 57 லேப். 5 கிலோ கூடுதலாகப் போட்டால் முதல் லேப்பில் 0.15 விநாடி நஷ்டம். அந்த 5 கிலோவைப் பந்தயம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தாலும், மொத்தத்தில் நாலு விநாடிக்கு மேல் போய்விடும். எரிக்காமலே மிஞ்சினால் எட்டு விநாடிக்கு மேல். அதே 5 கிலோவைக் காலைத் தூக்கிச் சேமிப்பதற்குப் பெரும்பாலும் இதைவிடக் குறைவான நேரமே செலவாகும். அதுவும் இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும்போது சேமித்தால் கிட்டத்தட்ட இலவசம்.

அப்புறம், விபத்து மாதிரி ஆபத்து வந்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சேஃப்டி கார் இருக்கிறது. அது வந்தால் எல்லோரும் மெதுவாக ஓடுவார்கள், பெட்ரோல் தானாக மிஞ்சும். சிங்கப்பூரில் 2008 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் சேஃப்டி கார் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் டேங்கை முழுக்க நிரப்பும் இன்ஜினியரைத்தான் நான் சந்தேகப்படுவேன். (2024-ல் வரவே இல்லை. சூதாட்டம் என்றால் அப்படித்தான்.)

கேள்வி: என்ன கணக்குச் சொன்னாலும் சரி, எண்பதுகளில் ஓட்டிய சென்னா, ப்ரோஸ்ட் காலத்தில் இந்தக் கஞ்சத்தனம் கிடையாது அண்ணா. இப்போது டாக்ஸி ஓட்டுகிறார்கள்.

பதில்: தம்பி, நீங்கள் சொல்லும் அந்தக் காலம்தான் எஃப் 1 வரலாற்றிலேயே படுகஞ்சமான காலம்! 1984-ல் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பத் தடை, டேங்குக்கு 220 லிட்டர் வரம்பு. 1986-ல் அது 195 ஆனது. 1988-ல் டர்போ வண்டிகளுக்கு வெறும் 150. அந்த டர்போ இன்ஜின்களோ பெட்ரோலைக் குடித்துத் தீர்ப்பவை.

1985 இமோலா பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். முன்னணியில் இருந்த சென்னாவுக்கு முடிய சில லேப் இருக்கையில் டேங்க் காலி. ஃபெராரி ஓட்டிய ஸ்டெஃபான் யோஹான்சன் முன்னால் வந்தார், இத்தாலிக் கூட்டம் குதித்தது. உடனே அவருக்கும் காலி. கோட்டை முதலில் தாண்டியது ப்ரோஸ்ட். எடை போட்டுப் பார்த்தால் வண்டி விதித்த எடையைவிட 2 கிலோ குறைவு, தகுதி நீக்கம். கடைசியில் வெற்றி எலியோ டி ஆஞ்சலிஸுக்குப் போனது.

அடுத்த வருடம் ஹோக்கன்ஹைமில் கடைசி லேப்பில் பெட்ரோல் தீர்ந்து, ப்ரோஸ்ட் இறங்கி வண்டியைத் தள்ளினார். உலக சாம்பியன் தார் ரோட்டில் வண்டி தள்ளிய காட்சி! அதே 1986-ல் அடிலெய்டில் பட்டத்துக்கான கடைசிப் பந்தயம். பெட்ரோல் போதாது என்று ப்ரோஸ்டின் வண்டிக் கணினி காட்டிக்கொண்டே இருந்தது. இந்த முறை அதை நம்பாமல் ஓட்டி, ஜெயித்து, பட்டத்தையும் வாங்கினார். அவரைப் ‘பேராசிரியர்’ என்று அழைத்தது சும்மாவா? 1991 சில்வர்ஸ்டோனில் மேன்செலின் வண்டி மேல் சென்னா உட்கார்ந்து திரும்பிய புகழ்பெற்ற படம்கூடக் கடைசி லேப்பில் பெட்ரோல் தீர்ந்ததால் கிடைத்ததுதான்.

கேள்வி: அப்படியானால் நடுவில் பெட்ரோல் நிரப்பும் முறையைத் திரும்பக் கொண்டுவரலாமே?

பதில்: வேண்டாம். 1994 முதல் 2009 வரை இருந்தது. முதல் வருடமே ஹோக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் வண்டி பிட்டில் (பெட்ரோல், டயருக்காக வண்டி நிற்கும் இடம்) தீப்பிடித்தது. 2008 சிங்கப்பூரில் மாஸா பெட்ரோல் குழாயோடு கிளம்பிப்போனார். இதைவிட முக்கியம், முந்துவது ட்ராக்கில் நடக்காமல் பிட்டுக்குள் நடந்தது. ஷூமாக்கர் 1998 ஹங்கேரியில் மூன்று முறை நின்று ஜெயித்தது அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மாதிரி ஒன்றுக்காக ஊர்வலம் மாதிரிப் பத்துப் பந்தயம் பார்க்க வேண்டியிருந்தது.

கேள்வி: பின்னால் வரும் அணித்தோழர் பெட்ரோல் அதிகம் வைத்திருந்தும் ‘முந்தாதே’ என்று உத்தரவிடுவது நியாயமா?

பதில்: 2013 மலேசியாவில் நடந்தது இதுதான். மூன்றாவது இடத்தில் இருந்த ஹாமில்டன் பெட்ரோலை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ரோஸ்பெர்க் வேகமாக இருந்தார், அனுமதி கேட்டார். அவர்களுடைய மெர்சிடிஸ் அணியின் தலைவர் ராஸ் பிரான் மறுத்துவிட்டார். ஹாமில்டனே பிறகு மேடையில் சங்கடத்தோடு நின்றார்.

என் பார்வையில் அது தவறான உத்தரவு. பின்னால் ஓடுபவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவதால் சிக்கனம் கொஞ்சம் எளிது, உண்மை. ஆனால் முன்னால் ஓடுபவர் ஆரம்பத்தில் அதிகம் எரித்துத்தான் அந்த இடத்தைப் பிடித்திருப்பார். செலவு செய்தவரைக் காப்பாற்றி, சேமித்தவரைத் தண்டித்தால் அப்புறம் யார் சேமிப்பார்?

கேள்வி: 2021 ஹங்கேரியில் இரண்டாவதாக வந்த வெட்டலை ஏன் நீக்கினார்கள்? பெட்ரோல் தீர்ந்தால் அது அவர் பாடு அல்லவா?

பதில்: சோதனைக்கு ஒரு லிட்டர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவருடைய ஆஸ்டன் மார்ட்டினில் இருந்து 0.3 லிட்டர்தான் வந்தது. வேறு ஏதாவது கலந்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் அந்த மாதிரி. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளை எல்லோரும் காலி டேங்கோடு வந்து நிற்பார்கள். கடுமையான தீர்ப்பு, ஆனால் சரியானது.

கேள்வி: மைலேஜ் எவ்வளவு வரும்? சும்மா தெரிந்துகொள்ள.

பதில்: 2025 வரை இருந்த 110 கிலோ வரம்பை வைத்துச் சொன்னால், அது ஏறக்குறைய 150 லிட்டர். ஓடும் தூரம் 305 கிலோமீட்டர். லிட்டருக்கு 2 கிலோமீட்டர் போடுங்கள். சூட்டில் பெட்ரோல் விரிந்து லிட்டர் கணக்கு மாறும் என்பதால்தான் கிலோவில் அளக்கிறார்கள்.

கேள்வி: ஃபார்முலா இ-யில் இந்தத் தொல்லை இல்லைதானே? பேட்டரிதானே?

பதில்: அங்கேதான் தொல்லை அதிகம். 2021 வாலென்சியாவில் மழை, பலமுறை சேஃப்டி கார். அதற்கேற்ப ஒவ்வொரு முறையும் பயன்படுத்தக்கூடிய மின்சாரத்தைக் குறைத்தார்கள். நேரக் கணக்கில் ஓடும் அந்தப் பந்தயத்தில் முன்னால் இருந்த டா கோஸ்டா, நேரம் முடியச் சில விநாடி இருக்கும்போதே கோட்டைத் தாண்டிவிட்டார். அதனால் இன்னும் ஒரு லேப் கூடிப்போனது. கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் தப்பியிருப்பார்கள். அந்தக் கடைசி லேப்பில் வண்டிகள் வரிசையாகச் செத்தன. மின்சாரத்தை மிச்சம் வைத்திருந்த நிக் டி ஃப்ரீஸ் ஜெயித்தார்.

கேள்வி: டிவியில் பார்க்கும்போது யார் சேமிக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வண்டிக்குள் இருக்கும் கேமராவைக் காட்டும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிரேக்குக்கு முன் இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கினால் காலைத் தூக்கிவிட்டார். பின்புறச் சிவப்பு விளக்கு மின்னுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது பேட்டரி சார்ஜ் ஆவதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். 2026 விதிகளில் மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக ஏறியிருப்பதால், பெட்ரோல் கணக்கைவிடப் பேட்டரிக் கணக்குதான் பெரிது. காலைத் தூக்குவது இனி குறையாது, கூடத்தான் செய்யும். புலம்ப நினைப்பவர்கள் இப்போதே தயாராகிக்கொள்ளலாம்.