சீனாய் மலையில் விடியலைக் காண...

கேள்வி: எகிப்தின் சீனாய் மலை உச்சியிலிருந்து சூரிய உதயத்தைக் காண ஆசை. எனக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது; ஏற முடியுமா?

பதில்: நாள்தோறும் நடக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் தாராளமாக ஏறலாம். 2,285 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு, அடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் எழுப்பிய புனித கத்தரீன் மடத்தின் அருகிலிருந்து இரண்டு வழிகள் செல்கின்றன. வளைந்து வளைந்து ஏறும் ஒட்டகப் பாதை நீளமானது, ஆனால் மூச்சு வாங்க வைக்காதது; துறவிகள் கருங்கல்லில் அமைத்த, ஏறத்தாழ 3,750 படிகள் கொண்ட மற்றொரு வழியோ மிகவும் செங்குத்தானது. ஒட்டகத்தில் சென்றாலும் கடைசி 750 படிகளை நடந்தே கடக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாலைவனம்தானே என்று மெல்லிய உடையுடன் கிளம்புபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேகமும் ஈரமும் இல்லாத வானத்தில் பகல் வெப்பம் விரைவாக வெளியேறிவிடுவதால், குளிர்காலத்தில் உச்சியில் தண்ணீர்கூட உறைந்துவிடும். கம்பளி உடை, கைவிளக்கு, குடிநீர் ஆகியவற்றுடன், பெதுவின் எனும் பாலைவனப் பழங்குடியைச் சேர்ந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அழைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியதும் புறப்படுங்கள். இறங்கும்போதும் ஒட்டகப் பாதையே முழங்கால்களுக்கு நல்லது.