குடியிலிருந்து மீள, பக்கத்தில் இருக்கும் ஆதரவுக் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. ஆனால் இது பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மனைவியோ அம்மாவோ போனை வைத்துக்கொண்டு தேடுகிற கேள்வி. நானும் அப்படித்தான் தேடினேன். அதனால் நீங்கள் ஒரு மனைவி என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். குடிப்பவரே கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், வழி ஒன்றுதான்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பைத் தேடுங்கள், சுருக்கமாக ஏஏ. அவர்களுடைய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்ட விவரமும் தொடர்பு எண்ணும் கிடைக்கும். பட்டியலைப் பார்த்ததும் நேராகக் கிளம்பிவிடாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். முதலில் போன் செய்யுங்கள். எண் கிடைக்கவில்லை என்றால், மனநலப் பிரிவு இருக்கும் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் கவுன்சிலரைக் கேளுங்கள், பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும்.

நான் போன் செய்தபோது எடுத்தவர் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "கடைசியா எப்பம்மா குடிச்சார்? கை நடுங்குதா? வேர்க்குதா?" என்றுதான் கேட்டார். என் கணவர் நேற்று இரவோடு நிறுத்திவிட்டார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். போனை எடுத்தவரின் குரல் மாறிவிட்டது. "மீட்டிங் எங்கயும் ஓடிடாது. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். இதை எனக்கு எந்தச் சொந்தக்காரரும் சொன்னதில்லை. "மனசு வச்சா விட்டுடலாம்" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். போனில் இதைச் சொன்னவர் பத்து வருஷமாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு குடிநோயாளி.

ஆஸ்பத்திரி முடிந்து அப்புறம்தான் கூட்டத்துக்குப் போனோம். ஓப்பன் மீட்டிங் என்றால் குடும்பத்தாரும் உட்காரலாம், குளோஸ்ட் என்றால் குடியை விட நினைப்பவர்கள் மட்டும். போனிலேயே கேட்டுவிடுங்கள். என் கணவர் ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார்கள். ஒருவர், கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எங்கள் வீட்டிலும் அதே இடம்தான். கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது. பர்ஸை எடுத்தேன், புதிதாக வந்தவர்கள் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏஏவில் கட்டணமும் கிடையாது, வெளியாரிடம் நன்கொடையும் வாங்குவதில்லை. "எங்கள் குழுவில் சேர இவ்வளவு பணம்" என்று யாராவது கேட்டால் அது ஏஏ இல்லை.

உடனே சிலர் வருவார்கள், அது கடவுள் பேரைச் சொல்லும் கும்பல் என்று. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மறைக்கவில்லை. ஆனால் சேருவதற்குத் தேவை குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். என் கணவருக்குச் சாமி நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அது சுத்தமாக ஒத்துவராது என்றால் கடவுளை இழுக்காத ஸ்மார்ட் ரெக்கவரி என்ற ஆதரவுக் குழு இருக்கிறது, அதில் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. பேசிப் பேசி என்ன ஆகும் என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏஏ வழி மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, பல இடங்களில் மேல் என்றே சொன்னது. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் வேண்டியிருக்கலாம், அதை டாக்டர் சொல்லட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருஷம் நிறைந்தால் அவருக்குக் கைதட்டுகிறார்கள், சொந்தக்காரர்கள் "என்ன மனவுறுதி!" என்கிறார்கள். நல்லது, தட்டட்டும். அவர் குடித்த காலமெல்லாம் ஃபீஸ் கட்டி, வாடகை கொடுத்து, அவருடைய ஆபீஸுக்கு ஜுரம் என்று போன் செய்தவளுக்கு ஒரு கைதட்டு உண்டா? என் மாமியாருக்கு இன்றும், நான் சரியாக இருந்திருந்தால் அவர் குடித்தே இருக்கமாட்டார் என்ற எண்ணம்தான். பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் கொட்டித் தீர்த்த இடம் ஆல்-அனான். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-இல் ஆரம்பித்தது. உங்கள் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் மட்டும் போகலாம், அவர் அனுமதி தேவையில்லை. முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். பேர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், முதல் பேரை மட்டும் சொன்னால் போதும். கையெழுத்தோ அடையாள அட்டையோ எங்களிடம் யாரும் கேட்கவில்லை.