விண்வெளிக் குப்பையைக் கண்காணிக்கிற வேலைக்குப் போகணும்னு மகள் சொல்கிறாள், என்ன படிக்க வைக்கலாம்?

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூவுக்குப் போகிறாள், "செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்கிற வேலைக்குத்தான் போவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அவள் அப்பாவோ "அப்படி ஒரு வேலையே கிடையாது, பேசாமல் சி.எஸ். (கம்ப்யூட்டர் சயின்ஸ்) எடு" என்கிறார், நடுவில் நீங்கள் தவிக்கிறீர்கள். படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. அந்த வேலை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு ஏரோஸ்பேஸ்தான் படித்தாக வேண்டும் என்பதில்லை, அப்பா சொல்கிற சி.எஸ். வழியாகவும் அங்கே போய்ச் சேரலாம்.

முதலில் அப்பாவுக்கான பதில். இஸ்ரோ இந்த வேலைக்கென்றே பெங்களூருவில் ஒரு மையம் நடத்துகிறது, 2022 ஜூலையில் தொடங்கியது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே நேரத்தில் பத்துப் பொருட்களைப் பின்தொடரக்கூடிய ரேடார் ஒன்று இருக்கிறது, 800 கிலோமீட்டர் தூரத்தில் 30 சென்டிமீட்டர் அளவுள்ள துண்டைக்கூட அது பார்த்துவிடும். சந்திரயான்-3 ராக்கெட் 2023 ஜூலையில் கிளம்பியபோது, குறித்த நேரத்திலிருந்து நான்கு விநாடி தள்ளித்தான் கிளப்பினார்கள், போகிற வழியில் வேறு எதனுடனும் மோதிவிடக் கூடாது என்று கணக்குப் பார்த்ததால். அதே மாதக் கடைசியில் போன பி.எஸ்.எல்.வி.-சி56 ராக்கெட்டை ஒரு நிமிடம் தாமதப்படுத்தினார்கள். அந்த நான்கு விநாடியைக் கணக்குப் போட்டுச் சொன்னவர்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது சார், வேலை இல்லாமல் இல்லை.

சரி, இப்போது மகளுக்கு. நீ இதை வானத்தைப் பார்க்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிதானி. பெரும்பகுதி திரையில் எண்களைப் பார்க்கிற வேலை இது. பூமிக்கு மேலே 10 சென்டிமீட்டருக்குப் பெரிய பொருட்கள் மட்டுமே (வேலை செய்கிற செயற்கைக்கோள்கள், செத்துப்போனவை, உடைந்த துண்டுகள் எல்லாம் சேர்த்து) பல பத்தாயிரம் சுற்றுகின்றன, அதில் ரேடாரும் தொலைநோக்கியும் தொடர்ந்து பின்தொடர்வது ஏறத்தாழ 40,000. பூமிக்கு அருகே சுற்றுபவை விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகின்றன. நாளை மறுநாள் இந்த நேரத்தில் எது எங்கே இருக்கும் என்று கணிக்க வேண்டும், ஆனால் யாராலும் ஒரு புள்ளியை வைத்து 'இங்கேதான்' என்று சொல்ல முடியாது. மேல் வளிமண்டலம் சூரியனின் சீற்றத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும், அதனால் இழுவிசை மாறும், கணிப்பு நகரும். உங்கள் ஊர் டவுன் பஸ் ஆறு பத்துக்கு என்று போர்டில் இருந்தாலும் ஆறிலிருந்து ஆறரைக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் இல்லையா, அதேபோல ஒவ்வொரு செயற்கைக்கோளும் கணக்கில் ஒரு புள்ளியாக இல்லை, நீண்ட ஒரு மங்கலான கூடாக இருக்கும். இரண்டு கூடுகள் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்பதிலிருந்துதான் மோதல் வாய்ப்பு வருகிறது. பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போனால் பல நிறுவனங்கள் செயற்கைக்கோளை நகர்த்துவதைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள்.

நகர்த்துவதும் சும்மா இல்லை. எரிபொருள் செலவாகும், அந்த அளவு ஆயுள் குறையும், படம் எடுக்கிற வேலை நிற்கும், நகர்ந்து போன புதுப் பாதையில் இன்னொரு துண்டு எதிரே வராது என்றும் பார்க்க வேண்டும். 2023-இல் மட்டும் இஸ்ரோவின் செயற்கைக்கோள்களுக்கு அமெரிக்காவிடமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் வந்தன. அவற்றையெல்லாம் தங்கள் துல்லியமான தரவை வைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உண்மையில் நகர்த்தியது 23 முறை. ஒரு லட்சத்தில் எந்த 23 என்று முடிவு செய்வதுதான் இந்த உத்தியோகம். மீதியை 'விடு, ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிற தைரியமும் அதில் அடங்கும்.

அந்தத் தைரியத்துக்கு விலை என்ன என்பதை 2009 பிப்ரவரி 10 காட்டியது. இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும், காஸ்மோஸ் 2251 என்ற செத்துப்போன ரஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட செங்கோணத்தில் மோதின. பொதுவில் கிடைத்த அன்றைய கணிப்பு, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும் என்றுதான் சொன்னது. அன்றைய ஆபத்துப் பட்டியலில் அதைவிட நெருக்கமான ஜோடிகள் வேறு இருந்தன. விளைவு, பின்தொடரக்கூடிய அளவிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய துண்டுகள். ஒரு மோதல் இன்னும் பல மோதல்களுக்கு வழி வைக்கும் என்று டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கோர்-பாலாயும் 1978-லேயே எழுதியிருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு, சிலருக்குப் பிடிக்காது. சரியான விடை ஒன்றே ஒன்றுதான் என்று பழகிய முதல் ரேங்க் மாணவர்கள் இந்த வேலையில் திணறலாம். 'தோராயமாக இது, பிழை இவ்வளவு இருக்கலாம்' என்று பேசத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒத்துவரும். உங்கள் மகள் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. செலஸ்ட்ராக் என்ற தளத்தில் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, பைத்தான் நிரல்மொழியில் ஸ்கைஃபீல்ட் என்ற மென்பொருள் நூலகமும் இலவசம். சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேல் எப்போது கடக்கும் என்று அவள் கணக்குப் போடட்டும், மொட்டை மாடியில் நின்று பார்க்கட்டும். அப்புறம் ஒரு வாரப் பழைய தரவை வைத்து அதே கணக்கைப் போட்டு, புதிய தரவு சொல்வதோடு ஒப்பிடட்டும். கிலோமீட்டர் கணக்கில் விலகும். 'ஏன் விலகுது?' என்று அதையே நோண்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்திருந்தால் இந்தத் துறை அவளுக்கானது. எரிச்சலாகி மூடி வைத்துவிட்டாலும் பரவாயில்லை, பெரிய முடிவுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

இனி எந்தக் கோர்ஸ் என்பதற்கு வருவோம். இஸ்ரோவின் பொதுவான விஞ்ஞானி/பொறியாளர் அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகிய மூன்று பிரிவுகளுக்குத்தான் இடம் அதிகம். ரேடாருக்கு எலக்ட்ரானிக்ஸ் வேண்டும், மென்பொருளுக்கு சி.எஸ். வேண்டும், சுற்றுப்பாதைக் கணக்குக்கு நல்ல கணிதமும் இயற்பியலும் வேண்டும். அதனால் நான் சொல்வது: அவள் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) அல்லது சி.எஸ். எடுக்கட்டும், கூடவே சுற்றுப்பாதை இயக்கவியல், புள்ளியியல், கால்மன் வடிகட்டி (பிழையுள்ள அளவீடுகளிலிருந்து ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் கணிக்கிற கணித முறை) மூன்றையும் சொந்தமாகப் படிக்கட்டும். பெயரில் 'ஸ்பேஸ்' இருக்கிறது என்பதற்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம், இதை அழுத்தியே சொல்கிறேன். கேட்கும்போது நல்லாத்தான் இருக்கும், நான்கு வருடம் கழித்து அறிவிப்பில் உங்கள் பிரிவின் பெயரே இல்லாமல் போகும்போதுதான் தெரியும். விதிவிலக்கு உண்டு. திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் ஐ.ஐ.எஸ்.டி. என்ற கல்வி நிறுவனத்தில் ஏரோஸ்பேஸ் கிடைத்தாலும் ஏவியானிக்ஸ் (விமான, விண்கல மின்னணுவியல்) கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ், குரோம்பேட்டை எம்.ஐ.டி. இரண்டும் அப்படித்தான்.

இது சின்னத் துறை, ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க மாட்டார்கள். தனியாரில் பெங்களூருவின் திகந்தரா இதையே தொழிலாக வைத்திருக்கிறது, 2025 ஜனவரியில் விண்வெளிப் பொருட்களைக் கண்காணிக்க சொந்தமாக ஒரு செயற்கைக்கோளே அனுப்பினார்கள். வெளிநாட்டுக் கனவு இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்க விண்வெளி நிறுவனங்களில் பெரும்பாலான வேலைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பிலும் பொதுவாக உறுப்பு நாட்டவர்களைத்தான் எடுப்பார்கள். சம்பளம் கேட்டிருந்தீர்கள். இஸ்ரோவில் நுழைவு நிலை விஞ்ஞானிக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் ரூ.56,100, படிகள் தனி.

'கம்ப்யூட்டரே எல்லாம் பண்ணிடாதா?' என்று அவள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இணையச் சேவை தருகிற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் இப்போதே மனிதர் உத்தரவுக்குக் காத்திராமல் தானாக விலகிக்கொள்கின்றன. உட்கார்ந்து எச்சரிக்கையைப் படிக்கிற வேலை குறையும், அந்த விலகலை முடிவு செய்கிற மென்பொருளை எழுதவும், அது தப்புப் பண்ணும்போது கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டியிருக்கும். அவள் பிந்தையவளாக ஆகட்டும். ஒருவேளை இந்தத் துறையே கிடைக்காவிட்டாலும் இதே கணக்குதான் ட்ரோனிலும், ஏவுகணையிலும், தானோட்டிக் காரிலும் ஓடுகிறது, படித்தது வீண் போகாது.

நடைமுறை விஷயம் ஒன்று, இதில் கோட்டை விடாதீர்கள். ஐ.ஐ.எஸ்.டி. சேர்க்கை ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் வழியாக, ஆனால் அட்வான்ஸ்டு எழுதினாலே போதாது, அந்த நிறுவனத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அட்வான்ஸ்டுக்கு முன்படியான ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் சுற்று வழக்கமாக ஜனவரியில் வரும், அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்துவிடும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள்.