அண்ணாச்சி கடையில் மறுபடி வாங்கினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். மளிகை, காய்கறி, பால், சோப்பு எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாய் ஆகிறது. இரண்டு வருடமாகப் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் செல்போன் ஆப்பிலும்தான் வாங்குகிறோம். எங்கள் தெருமுனை அண்ணாச்சி போன மாதம் கடையைப் பாதியாகத் தடுத்து, மறுபாதியை வாடகைக்கு விட்டுவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. மறுபடி அவரிடம் வாங்கினால் மாதம் ஆயிரம் ரூபாயாவது கூடும், பில்லில் ஜிஎஸ்டிகூட இருக்காது என்கிறார் கணவர். வீட்டுக் கடன் வேறு ஓடுகிறது. அண்ணாச்சி தீபாவளிச் சீட்டும் பிடிக்கிறார். அதிலாவது சேர்ந்து உதவலாமா? இரண்டு மாத பில்களை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பில்களை ஒரு வரி விடாமல் பார்த்தேன். மொத்தச் செலவையும் அப்படியே அண்ணாச்சி கடைக்கு மாற்றினால், உங்கள் கணவர் சொல்லும் ஆயிரம் ரூபாய் கூடத்தான் செய்யும். ஆனால் மொத்தத்தையும் மாற்றவேண்டிய தேவை இல்லை.

உங்கள் 14,000-ஐப் பிரித்துப் பார்த்தால் சோப்பு, பற்பசை, பிஸ்கட், பாக்கெட் எண்ணெய்க்கு 5,000 போகிறது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வகையறாவுக்கு 4,000. காய்கறி, பழத்துக்கு 3,000. மீதி பாலுக்கு. நீங்கள் பெறும் தள்ளுபடியில் பெரும்பகுதி அந்த முதல் 5,000-இல்தான் இருக்கிறது. பெரிய கடைகள் கம்பெனியிடமிருந்தே லாரிக்கணக்கில் எடுக்கின்றன. ஏஜென்சி வேனில் வரும் ஒரு டஜன் சோப்பில் அண்ணாச்சிக்கு நிற்பது சொற்பம். அந்த விலைக்கு அவரை இறங்கச் சொல்வது நியாயமில்லை. கடன் ஓடும் வீடு என்பதால், இந்தச் சாமான்களை இப்போது வாங்கும் இடத்திலேயே மாதம் ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள். இதில் மனசு உறுத்த ஒன்றுமில்லை.

அரிசி, பருப்பு கதை வேறு. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுத்தால் வரி கிடையாது. கடைகளில் இப்போது 26 கிலோ அரிசிப் பை வருவதற்குக் காரணமே இதுதான். ஆக, இங்கே பெரிய கடைக்கு இருக்கும் விலைச் சாதகம் குறைந்துவிடுகிறது. அதோடு, அண்ணாச்சியிடம் 50 கிராம் மிளகு கேட்டால் 50 கிராம்தான் வாங்குவீர்கள்.

உங்கள் ஆப் பில்களையும் பாருங்கள். இரண்டு மாதத்தில் 17 ஆர்டர். டெலிவரி, ஹேண்ட்லிங் என்று மட்டும் 612 ரூபாய் போயிருக்கிறது. இலவச டெலிவரிக்குத் தொகை எட்டவேண்டும் என்று கடைசியில் சேர்த்த ஐஸ்கிரீமும் சிப்ஸும் தனி.

காய்கறிக்கு, அண்ணாச்சி கடையைவிட உங்கள் ஊர் உழவர் சந்தையைத்தான் சொல்வேன். 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். இடைத்தரகர் இல்லாததால் காசு நேராக விவசாயி கைக்குப் போகிறது. காலையிலேயே போகவேண்டும், அதுதான் சிரமம். வாரம் இரண்டு நாள் முடிந்தால் போதும்.

அரிசி, பருப்பு, காய்கறி மூன்றும் சேர்ந்து 7,000. உங்கள் செலவில் சரிபாதி உள்ளூருக்கு வந்துவிடுகிறது. அண்ணாச்சி கடைப் பருப்பில் கிலோவுக்கு ஐந்து பத்து கூடினால்கூட மாதம் 200 ரூபாய்க்குள் அடங்கும். ஆப் கட்டணத்தில் மிச்சமாவதே அதை ஈடுகட்டிவிடும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்கள் கணவரின் சந்தேகம் பலருக்கும் உண்டு. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அதற்குமேல் ஒன்றரைக் கோடி வரை 'காம்போசிஷன்' முறையில் இருக்கும் வியாபாரி, விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டுகிறார். அதை நம்மிடம் வசூலிக்க அவருக்கு அனுமதியில்லை. பில்லில் ஜிஎஸ்டி வரி இல்லை என்பதற்காக அவர் வரி ஏய்க்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். அது எந்தக் கடைக்கும் பொருந்தும்.

அப்புறம், ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் அப்பாவும் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையில் கூட்டம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. பாதிப் பணம் கணக்கு நோட்டில் நின்றது. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க அவர் வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டிதான் கடையைத் தின்றது. நீங்கள் அண்ணாச்சிக்கு உதவ நினைத்தால், கடன் சொல்லாமல் அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஐந்து ரூபாய் கூடக் கொடுப்பதைவிட அது பெரிய உதவி. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினால் அவருக்கு எந்தக் கட்டணமும் பிடிப்பதில்லை. கிரெடிட் கார்டு என்றால் அவர் லாபத்தில் ஒரு பங்கு போய்விடும்.

தீபாவளிச் சீட்டு வேண்டாம். அண்ணாச்சி நல்லவராகவே இருக்கட்டும். சீட்டு நடத்துவதென்றால் பொதுவாக 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்கவேண்டும், தெருமுனைச் சீட்டுகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஏற்கெனவே கடையைப் பாதியாக்கியவரிடம் உங்கள் சேமிப்பைக் கொடுத்தால், அவசரத்துக்கு அந்தப் பணம் சரக்குக்குப் போகும். பிறகு பணமும் போய் உறவும் போகும். அதே தொகையை வங்கியில் 12 மாத ஆர்டி போடுங்கள். முதிர்ந்ததும் தீபாவளிச் சாமானை அவரிடமே ரொக்கமாக வாங்குங்கள்.

மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்த்து பில்களை எனக்கு அனுப்புங்கள். பருப்பில் வண்டு இருந்தால் சங்கடப்படாமல் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அரிசிக்கு மட்டும் இந்த வாரமே சொல்லிவையுங்கள். உங்கள் வீட்டுக்குப் பிடித்த ரகம் இப்போது அவரிடம் இருக்காது, மூட்டை வரவழைக்க அவருக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும்.