எக்ஸ்-விங்கும் ஸ்டார்ஃப்யூரியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அறிவியல் புனைவுகளில் வரும் போர்விண்கலங்கள் மீது பள்ளி நாட்களிலிருந்தே பைத்தியம். விடுதியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் அட்டவணை போட்டோம். ஸ்டார் வார்ஸின் எக்ஸ்-விங், டை ஃபைட்டர், பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவின் வைப்பர், பேபிலான் 5 தொடரின் ஸ்டார்ஃப்யூரி. வேகம், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, கவசம், ஒளியை மிஞ்சிப் பாயும் வசதி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தோம். எக்ஸ்-விங் முதலிடம், டை ஃபைட்டர் கடைசி. ஸ்டார்ஃப்யூரிக்கு மூன்றாமிடம். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. நான்கையும் ஒரே களத்தில் இறக்கினால் எது வெல்லும்? இப்படி ஒப்பிடுவதே சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறான் அறை நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு மாணவ வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு கற்பனை இயந்திரத்தை நிஜ இயந்திரம்போல எடைபோட உட்கார்ந்தால் இயற்பியலும் வரலாறும் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இதைப் பல வருடங்களாக ஆசையோடு செய்துவருகிறேன்.

முதலில் வேகம் என்ற வரிசையை அடித்துவிடுங்கள். காற்றில் பறக்கும் விமானத்துக்குத்தான் அதிகபட்ச வேகம் என்று ஒன்று உண்டு, காற்று பிடித்து இழுப்பதால். வெற்றிடத்தில் எரிபொருள் தீரும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும், தீர்ந்த பிறகும் அது குறையாது. சர்வதேச விண்வெளி நிலையம் எஞ்சின் ஓடாமலேயே விநாடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியது, ஒரு கலம் தன் வேகத்தையும் திசையையும் எவ்வளவு சீக்கிரம் மாற்றும், அதற்கு எவ்வளவு எரிபொருள் செலவாகும், உள்ளே இருப்பவர் அதைத் தாங்குவாரா என்பதைத்தான். பயிற்சி பெற்ற போர்விமானி, அதற்கான அழுத்த உடையோடு, 9 ஜி வரை, அதாவது தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு அழுத்தம்வரை, தாங்குவார். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

இப்போது ஸ்டார்ஃப்யூரிக்கு வருவோம். உங்கள் மனம் எதற்காக அடித்துக்கொண்டதோ அது சரிதான். 1993-இல் முன்னோட்டப் படத்தோடு தொடங்கிய பேபிலான் 5 தொடருக்காக ரான் தார்ன்டனும் ஸ்டீவ் பர்க்கும் வடிவமைத்த கலம் அது. நான்கு கைகள் எக்ஸ் வடிவில் விரிந்திருக்கும். எஞ்சின்கள் அந்தக் கைகளின் முனையில். ஏன் முனையில்? ஒரு கதவைக் கீல் பக்கம் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். மையத்திலிருந்து தள்ளி வைத்த விசைக்குத் திருப்பும் வலு அதிகம். விமானி இருப்பது கைகள் வந்து சேரும் நடுப்பகுதியில், நின்ற நிலையில். கலம் சட்டென்று சுழலும்போது மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வீச்சு குறைவு.

அதன் அழகை ஒரு காட்சியில் பார்க்கலாம். எதிரி பின்னால் துரத்துகிறான். ஸ்டார்ஃப்யூரி எஞ்சினை அணைக்கிறது. கலம் அதே திசையில், அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் சின்னதாக ஒரு பீச்சல், கலம் நின்ற இடத்திலேயே திரும்பியதுபோல் அரைவட்டம் போடுகிறது. எதிர்ப்புறம் இன்னொரு பீச்சல், சுழற்சி நிற்கிறது. இப்போது அது பின்னோக்கிப் போய்க்கொண்டே துரத்துபவனை நேருக்கு நேர் சுடுகிறது. நியூட்டனின் முதல் விதியைத் தொலைக்காட்சியில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு காட்சி என் நினைவில் இல்லை. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்திவிட்டு, போகிற போக்கில் உடம்பைத் திருப்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

எக்ஸ்-விங் இப்படித் திரும்பாது. வெற்றிடத்தில் சாய்ந்து வளைந்து, காற்றில் பறப்பதுபோலவே பறக்கும். காரணம் உண்டு. 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் கடைசிச் சண்டையைத் திட்டமிட ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைகளின் காட்சித் துண்டுகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார். மாதிரிக் கலங்களை அந்த அசைவுக்கு ஏற்பவே படம்பிடித்தார்கள். அப்புறம் எப்படி நான்கையும் ஒரே களத்தில் இறக்குவது? நம் உலகத்து இயற்பியல் என்றால் ஸ்டார்ஃப்யூரி ஜெயிக்கும், வைப்பர் பக்கத்திலேயே நிற்கும். ஸ்டார் வார்ஸ் இயற்பியல் என்றால் எக்ஸ்-விங். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

ஆனால் உங்கள் அட்டவணையில் ஒரு வரிசையே விடுபட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் உயிரோடு திரும்பி வருவாரா?

டை ஃபைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை அயனி எஞ்சின் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்த டை. (நிஜ அயனி எஞ்சின் மிகச் சாதுவானது. 2007-இல் கிளம்பிய டான் விண்கலத்தின் அயனி எஞ்சினுக்கு, உள்ளங்கையில் ஓரிரண்டு காகிதம் வைத்தால் என்ன கனமோ அவ்வளவு உந்துவிசைதான். அதை வருடக்கணக்கில் ஓட்டித்தான் டான் வெஸ்டாவுக்கும் சீரிஸுக்கும் போனது.) டை ஃபைட்டருக்கு எதிரியின் சுடுதலைத் தடுக்கும் காப்புத்திரை இல்லை, ஒளியை மிஞ்சிப் பாயும் எஞ்சின் இல்லை. தாய்க்கப்பல் போய்விட்டால் விமானி நடுவெளியில் அனாதை. நீங்கள் கடைசி இடம் கொடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இவையெல்லாம் இல்லாததால்தான் அது இலேசானது, மலிவானது, சட்டென்று திரும்பக்கூடியது.

ஜப்பானின் ஜீரோ விமானம் இப்படித்தான் இருந்தது. 1940-இல் களத்துக்கு வந்தபோது வளைந்து திரும்புவதில் அதற்கு இணையில்லை. அந்த இலேசுக்காக விமானிக்குக் கவசத் தகடு வைக்கவில்லை, குண்டு துளைத்தால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் வைக்கவில்லை. எதிரே வந்த அமெரிக்க வைல்ட்கேட் கனமானது, மந்தமானது, ஆனால் அடி தாங்கும். ஜான் தாச் என்ற அதிகாரி, இரண்டு வைல்ட்கேட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பறந்து ஒன்றின் வாலை மற்றது காக்கும் உத்தியைக் கண்டுபிடித்தார். அடிபட்ட அமெரிக்க விமானிகளில் பலர் திரும்பி வந்தார்கள். தேர்ந்தவர்களை ஊருக்கு அனுப்பிப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். ஜப்பானின் தேர்ந்த விமானிகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1944 ஜூனில் பிலிப்பைன் கடலில் நூற்றுக்கணக்கான ஜப்பானிய விமானங்கள் விழுந்தபோது, அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அரைகுறைப் பயிற்சியோடு வந்த பையன்கள்.

டை ஃபைட்டர்களை அனுப்பும் பேரரசுக்குக் காப்புத்திரை செய்யத் தெரியாமல் இல்லை. அந்தப் பேரரசின் தளபதி டார்த் வேடரின் சொந்தக் கலத்தில் அது உண்டு, ஒளியை மிஞ்சும் எஞ்சினும் உண்டு. ஒருவருக்குக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. இதை முதலில் கவனித்த நாளில் எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது. எக்ஸ்-விங்கில் காப்புத்திரை உண்டு, தப்பி ஓட எஞ்சின் உண்டு, முதுகுப்பக்கம் ஒரு ரோபோ உட்கார்ந்து பறக்கும்போதே பழுது பார்க்கிறது. அப்படியிருந்தும் பேரரசின் மரண நட்சத்திரம் என்ற பிரம்மாண்டப் போர்நிலையத்தைத் தாக்கப்போன முப்பது கலங்களில் திரும்பியவற்றை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதையும் மறைக்கக் கூடாது.

வைப்பரில் இந்த வரிசை இன்னொரு விதமாக வருகிறது. 2003-இல் வந்த புதிய கேலக்டிகாவில் மார்க் 7 என்ற நவீன வைப்பர்கள் கணினிவலையில் இணைந்தவை. மனிதர்களின் எதிரிகளான சைலான் என்ற இயந்திர இனத்தார் ஒரே சமிக்ஞையில் அவற்றை அணைத்துவிடுகிறார்கள். ஒரு படைப்பிரிவு முழுக்க விளக்கணைந்து மிதக்கிறது, அப்படியே சுட்டுத் தள்ளுகிறார்கள். அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய மார்க் 2 வைப்பர்கள்தான் பிழைத்து நின்று சண்டை போடுகின்றன, வலையில் இணையாதவை என்பதால். உங்கள் அட்டவணைப்படி மார்க் 7-க்கு மதிப்பெண் கூட வரும்.

அந்தத் தொடரில் சைலான்களின் ரெய்டர் என்ற போர்க்கலத்துக்கு விமானியே கிடையாது, கலமே ஓர் உயிர். செத்தால் அதன் நினைவு இன்னொரு உடலுக்குப் போய்விடும். சாகும்போதெல்லாம் அது கற்றுக்கொள்கிறது. ஸ்கார் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு ரெய்டர், மனிதர்களின் விமானிகளை ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறது. கடைசியில் ஸ்டார்பக் என்ற தேர்ந்த விமானி அதைத் தன் பின்னால் இழுத்துவர, கேட் என்ற இளம் விமானி அதை வீழ்த்துகிறாள். அன்று இரவு எல்லோரும் கூடியிருக்கிறார்கள். செத்துப்போனவர்களின் பெயர்கள்கூட நினைவில் இல்லை என்று அதற்கு முன்பு சொன்ன ஸ்டார்பக், கோப்பையை உயர்த்தி ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பிக்கிறாள். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒரு பெயரைக்கூட அவள் விடவில்லை.

அன்புடன்