சூடம் காணாமல் போனால் பிணைப்பு உடைந்துவிட்டதா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு வலுவானது என்று டீச்சர் சொல்கிறாராம், ஆனால் புத்தகத்தில் சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு என்று இருக்கிறது. வலுவான பிணைப்பு என்றால் சீக்கிரம் உருகக் கூடாதே என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ரெண்டுமே உண்மை, ஆனால் ரெண்டும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசுகின்றன.

பூஜை அலமாரியில் இருக்கும் சூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், ஆக 27 அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு இறுக்கமாக நிற்கின்றன. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே இருப்பது வெறும் லேசான ஈர்ப்பு. திறந்து வைத்த சூடம் நாளாக நாளாகச் சிறுத்துப்போகிறதே, அப்போது விட்டுப்போவது இந்த லேசான ஈர்ப்புதான், உள்ளே ஒரு பிணைப்புகூட உடைவதில்லை. கண்ணாடி பாட்டிலில் நாலு வில்லை போட்டு மூடி, சில நாள் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், மேல்பக்கச் சுவரில் வெள்ளையாகப் பொடிப் படிகம் ஒட்டியிருக்கும். சுரண்டி முகர்ந்தால் அதே சூட வாசனை. மூலக்கூறு முழுசாகப் போய் முழுசாகவே உட்கார்ந்திருக்கிறது. பிணைப்பு உண்மையிலேயே உடைவது தட்டில் ஏற்றும்போதுதான், அப்போது மிஞ்சுவது கரியும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்.

பிணைப்பு உடையாமல் உருகுவதற்குச் சர்க்கரையை மட்டும் உதாரணம் சொல்லிவிடாதீர்கள், பலர் சொல்கிறார்கள், அது உருகும்போதே சிதைந்து பழுப்பாகிவிடும்.

இப்போது மணல். அதிலும் சகப்பிணைப்புதான், ஆனால் தனித்தனி மூலக்கூறு கிடையாது. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி ஒரே வலையாகப் பின்னியிருப்பதால் உருக்க வேண்டுமானால் பிணைப்பையே உடைத்தாக வேண்டும். அதனால்தான் சூடம் சுமார் 175 டிகிரியில் உருக, மணலுக்குச் சுமார் 1700 டிகிரி தேவைப்படுகிறது. சாப்பாட்டு உப்பே 801 டிகிரியில் உருகிவிடும், அது அயனிச் சேர்மம், அதாவது நேர், எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து நிற்பது. வைரமும் மணல் மாதிரி ஒரே வலைதான்.

ஆகவே பரீட்சையில் "சகப்பிணைப்பு வலுவற்றது, அதனால் உருகுநிலை குறைவு" என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். "மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு விசை குறைவு" என்று எழுதினால் போதும். அப்புறம் சகப்பிணைப்பு உள்ளவை மின்சாரம் கடத்தாது என்று சொல்வதற்கும் விலக்கு உண்டு, பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் நன்றாகவே கடத்தும்.